ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலுக்குப் பம்பும் ஹோஸும் அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரையில் நின்றபடி, நுனியில் பிரஷ் பொருத்திய நீண்ட கம்பத்தின் வழியே சுத்திகரித்த தண்ணீரை ஏற்றி ஜன்னல் கழுவுபவர்களுக்காக எழுதியது இது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்தப் பம்ப் வாங்கலாம்?" என்பதுதான். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் கேட்பது "இதைவிடப் பெரிய பம்ப் எது?" என்று. இரண்டு கேள்விக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: தொட்டியிலிருந்து பிரஷ் வரை உங்கள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தடவையாவது கூடவே நடந்து பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எத்தனை பிஎஸ்ஐ பம்ப் வாங்க வேண்டும்?

இந்தத் தொழிலில் புழங்குவது 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், அதாவது உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை. 60, 80, 100 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று அதன் மேல் எழுதியிருக்கும். அந்த எண் பம்ப் எப்போதும் தரும் அழுத்தம் அன்று. எதிரே அழுத்தம் அந்த அளவுக்கு ஏறினால் தலையில் உள்ள சுவிட்ச் பம்பை நிறுத்திவிடும் என்பதுதான் அதன் பொருள். பக்கத்திலேயே நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றும் எழுதியிருக்கலாம். அது எதிரே தடையே இல்லாதபோது வரும் அளவு. தடை கூடக் கூட ஓட்டம் குறைந்துகொண்டே வரும். ஆக, பெட்டியில் அச்சிட்ட இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் ஒருபோதும் உண்மையாக இருக்காது.

உங்களுக்கு வேண்டியது பிரஷ் நுனியில் நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். முதன்முறை கழுவும் அழுக்கேறிய கண்ணாடிக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். மாதாமாதம் கழுவும் கண்ணாடிக்கு ஒரு லிட்டரே போதும் என்பவர்களும் உண்டு. இந்த அளவை எந்தப் பம்பும் தரும். அதைப் பிரஷ் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சிக்கல்.

என் பிரஷில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று எப்படி அளப்பது?

ஒரு லிட்டர் குவளையும் கைபேசியில் உள்ள நிறுத்து கடிகாரமும் போதும். ஹோஸை வேலை நாளில் விரிப்பதுபோல் முழுவதும் விரியுங்கள். கம்பத்தையும் வேலை செய்யும் நீளத்துக்கு நீட்டித் தரையில் படுக்க வையுங்கள். பிரஷைக் குவளையின் மேல் கவிழ்த்துப் பிடியுங்கள். 30 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 2 லிட்டர். 40 வினாடி என்றால் ஒன்றரை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் எங்கோ தடை இருக்கிறது.

பிறகு பிரஷைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். அடுத்து கம்பத்தைக் கழற்றிவிட்டு. அதன்பின் ஹோஸைச் சுற்றி வைக்கும் ரீலுக்கு முன்னால். கடைசியாகப் பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் முனையில். எந்த இடத்தில் எண் சட்டென்று தாவுகிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு. இந்தக் கால் மணி நேர வேலையைச் செய்யாமல் பம்பை மாற்றியவர்கள் நிறையப் பேர். புதுப் பம்ப் வந்த பிறகும் பிரஷில் அதே சொட்டுதான். எண்களை ஒரு அட்டையில் எழுதி வாகனக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து "முன்பு நன்றாக வந்தது" என்று தோன்றும்போது, முன்பு எவ்வளவு வந்தது என்பது தெரிய வேண்டாமா?

6 மி.மீ. ஹோஸா, 8 மி.மீ. ஹோஸா?

நான் அதிக நேரம் செலவிட்டுப் பதில் சொல்லும் கேள்வி இது. இங்கே சொல்வது உள்விட்டம். வெளிவிட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் கைக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் நீளமுள்ள 6 மி.மீ. ஹோஸில் தள்ளினால், உராய்வில் மட்டும் ஏறத்தாழ 4 பார் அழுத்தம் கரைந்துவிடும். அதே தண்ணீர், அதே நீளம், 8 மி.மீ. ஹோஸ் என்றால் ஏறத்தாழ 1 பார்தான். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தடை நான்கில் ஒன்றாகக் குறைகிறது.

இதை முழு அமைப்பில் வைத்துப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற 1 பார். கம்பத்துக்குள் ஓடும் 5 மி.மீ. சிறு ஹோஸ் 10 மீட்டர் இருந்தால் இன்னொரு பார். இணைப்புகள், பிரஷில் தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் எல்லாம் சேர்த்துக் கால் முதல் அரை பார். 6 மி.மீ. ஹோஸில் கூட்டினால் ஆறரை பார் பக்கம் வருகிறது. அதாவது 90 பிஎஸ்ஐயைத் தாண்டுகிறது. 100 பிஎஸ்ஐ பம்ப் மூச்சு வாங்கும் இடம் அது. 8 மி.மீ. ஹோஸில் மூன்றரை பார்கூட வருவதில்லை. 60 பிஎஸ்ஐ பம்பே சமாளித்துவிடும்.

அப்படியானால் எல்லோரும் 8 மி.மீ. வாங்க வேண்டியதுதானே என்றால், இழுப்பது யார்? நூறு மீட்டர் 6 மி.மீ. ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் 2.8 லிட்டர். 8 மி.மீ. ஹோஸில் 5 லிட்டர். ஹோஸின் சொந்த எடையும் கூடும். நாள் முழுவதும் வீடு வீடாக இழுத்துச் சுற்றுபவரின் தோளுக்கு இது பெரிய வித்தியாசம். தோட்டத்துக்குப் பயன்படும் அரை அங்குல ஹோஸையே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அதில் 12 லிட்டருக்கு மேல் நிற்கும். முதல் நாள் மாலையே விடை கிடைத்துவிடும்.

என் கருத்து: இரண்டு மாடி வரையிலான வீடுகளும் 50, 60 மீட்டர் ஹோஸும்தான் உங்கள் வேலை என்றால் 6 மி.மீ. தாராளம். நூறு மீட்டர் விரித்து உயரமான கட்டடங்களில் வேலை செய்பவர், அல்லது அழுக்கு அதிகம் என்பதால் ஓட்டம் கூடுதலாக வேண்டியவர், 8 மி.மீ.க்குப் போகலாம். இரண்டுக்கும் நடுவே திண்டாடுபவர்கள் நூறு மீட்டர் ஹோஸைப் பாதியாக வெட்டி, நடுவில் ஓர் இணைப்பு வைத்துக்கொண்டால் போதும். தேவைப்படாத நாளில் அந்த ஐம்பது மீட்டரின் தடையைச் சுமக்க வேண்டியதில்லை. ரீலில் சுற்றியே கிடக்கும் ஹோஸும் தண்ணீரைத் தடுக்கத்தான் செய்யும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஓட்டத்தைக் குறைத்தால் பம்புக்கு நல்லதா?

மிகவும் நல்லது. நிமிடத்துக்கு 2 லிட்டரை 1 லிட்டராகக் குறைத்தால் உராய்வுத் தடை பாதியாக அன்று, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பம்ப் அலறாது, இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளாது, பேட்டரி மாலை வரை வரும்.

பம்பைத் தொட்டிக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

கீழே, அல்லது தொட்டியின் அடிமட்டத்துக்கு இணையாக. டயாஃப்ரம் பம்ப் தண்ணீரை ஓரளவு உறிஞ்சி மேலே இழுக்கும் திறன் உள்ளதுதான். ஆனாலும் தண்ணீர் தானாகவே பம்புக்குள் வந்து நிற்கும்படி வைத்தால் பாதித் தொல்லை ஒழியும்.

தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ஹோஸ் குட்டையாகவும் குறைந்தது 12 மி.மீ. உள்விட்டத்துடனும், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளாத கெட்டியான வகையாகவும் இருக்க வேண்டும். வெளியே போகும் பக்கம் 6 மி.மீ. ஓடுகிறதே, உள்ளே வரும் பக்கமும் அது போதாதா என்று கேட்காதீர்கள். தள்ளுவதற்குப் பம்பிடம் பல பார் இருக்கிறது. உறிஞ்சுவதற்கு ஒரு பார்கூடக் கிடையாது.

பம்பைச் செங்குத்தாக நிறுத்த வேண்டியிருந்தால் தலை கீழேயும் மோட்டார் மேலேயும் இருக்கட்டும். என்றாவது டயாஃப்ரம் கசிந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்காது. பம்பின் ரப்பர் கால்களுக்குத் திருகு போடும்போது ரப்பர் நசுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள். நசுங்கிய ரப்பர் அதிர்வைத் தாங்காது. வாகனத்தின் தரைத்தகடு முழுவதும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடும்.

பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை. பம்ப் போய்விட்டதா?

போயிருக்காது. காற்று புகுந்திருக்கும்.

அழுத்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டும், கண்டுபிடிப்பது சுலபம். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை சொட்டவே சொட்டாது. அது தண்ணீரை வெளியே விடுவதற்குப் பதில் காற்றை உள்ளே இழுக்கும். எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற ஹோஸைப் பொருத்திவிடுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது தெரியும். குமிழி தெரிந்ததும் ஒவ்வோர் இணைப்பையும் ஈரத் துணியால் இறுக்கிப் பொத்திப் பாருங்கள். எந்த இணைப்பைப் பொத்தும்போது குமிழி நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் அது பம்பின் உறிஞ்சும் முனையில் உள்ள வடிகட்டியின் மூடி. சுத்தம் செய்தபோது ரப்பர் வளையம் மடிந்து உட்கார்ந்திருக்கும்.

அந்த வடிகட்டியைத் திறக்கும்போது உள்ளே என்ன கிடக்கிறது என்றும் பாருங்கள். பொன்னிறத்தில் மணல் போன்ற சின்னஞ்சிறு உருண்டைகள் தென்பட்டால், தண்ணீரின் கடைசிக் கனிமத்தை அகற்றும் ரெசின் உருளையின் உள்வலை கிழிந்திருக்கிறது என்று பொருள். வடிகட்டியையும் தாண்டி ஓர் உருண்டை பம்பின் வால்வில் சிக்கினால் பம்ப் ஓடும், ஆனால் தள்ளாது. பம்பைத் திட்டுவதற்கு முன் உருளையைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு காரணம் தொட்டியின் மூடி. காற்றுப் புகாமல் இறுக மூடிய தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சினால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், ஓட்டம் மெல்ல மெல்லச் செத்துப்போகும். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வந்தால், தொட்டியின் பக்கங்கள் உள்வாங்கியிருந்தால், சந்தேகமே வேண்டாம். காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

பம்ப் தட்டித் தட்டி ஓடுகிறது. நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. ஏன்?

எதிர் அழுத்தம் சுவிட்சின் எல்லையைத் தொடுகிறது. பம்ப் நிற்கிறது, தண்ணீர் கொஞ்சம் வெளியேறி அழுத்தம் இறங்குகிறது, பம்ப் மறுபடி ஓடுகிறது. நாளெல்லாம் இப்படித் துடித்தால் சுவிட்சின் முனைகள் தீய்ந்துபோகும். எங்கோ தடை அதிகம் என்பதைத்தான் பம்ப் சொல்கிறது: மடிந்த ஹோஸ், அடைத்த ஜெட், அல்லது 6 மி.மீ. ஹோஸில் தேவைக்கு மேல் தள்ளப் பார்ப்பது. பம்பின் தலையில் ஒரு சிறு திருகு இருக்கும், அதைத் திருப்பினால் எல்லை உயரும் என்று யாராவது சொல்வார்கள். உயரும்தான். அடுத்து பலவீனமான இணைப்பு எது என்பதும் தெரியவரும், அது உங்கள் வாகனத்துக்குள்ளேயே.

வேகம் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அவசியமா?

அவசியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று வாங்கிப் பொருத்தியவர் திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நொடிக்குப் பல தடவை வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. ஓட்டம் உங்கள் விரலில் இருக்கும். தொட்டித் தண்ணீர் மிச்சமாகும்.

இதில் தடையுணர்வு என்றொரு வசதி உண்டு. கம்பத்தடியில் வால்வை மூடியதும் அழுத்தம் ஏறி மோட்டார் இழுக்கும் ஆம்பியர் கூடும்; அதைக் கண்டு கன்ட்ரோலர் பம்பை நிறுத்தும். எந்த ஆம்பியரில் நிறுத்துவது என்பதை நீங்கள்தான் பழக்க வேண்டும். அளவு தாழ்வாக இருந்தால், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே "அடைப்பு" என்று நிறுத்திவிடும். மிக உயரத்தில் இருந்தால், வால்வு மூடியிருந்தாலும் விடாமல் தள்ளும். ஹோஸை மாற்றினால், நீளத்தைக் கூட்டினால், பருவம் மாறினால் மறுபடி பழக்குங்கள். குளிர்ந்த தண்ணீர் சற்றுக் கெட்டியாக ஓடும். கோடையில் சரியாக இருந்த அளவு குளிர்காலக் காலையில் பொய் எச்சரிக்கை கொடுக்கும்.

பம்பை நிறுத்திய பிறகும் ஜெட்டில் தண்ணீர் வருகிறதே?

ஹோஸ் பலூன்போல் சற்றே உப்பியிருக்கிறது. அது சுருங்கும்வரை தண்ணீர் வரும். நீளமும் மென்மையும் கூடிய ஹோஸில் இது அதிகம். தொல்லையாக இருந்தால் கம்பத்தடியில் ஒரு வால்வு வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அது இருப்பது நல்லது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் நடுவே தண்ணீரை நிறுத்துபவருக்கும் ஓடவிடுபவருக்கும் நாள் முடிவில் தொட்டியில் தெரியும் வித்தியாசம் சிறியதன்று.

பேட்டரி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? வாகனத்தின் பேட்டரியையே பயன்படுத்தலாமா?

வாகன பேட்டரி ஒரே மூச்சில் இன்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்தது. மெதுவாக வடித்துத் தினமும் காலி செய்தால் சீக்கிரம் சாகும். மாலையில் வண்டியும் கிளம்பாது. ஆழமாக வடியத் தாங்கும் தனி பேட்டரி வையுங்கள்.

கணக்கு எளிது. பம்ப் சராசரியாக 4 ஆம்பியர் இழுத்து, நாளில் உண்மையில் ஓடும் நேரம் 5 மணி என்றால் 20 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்தால்தான் ஆயுள் நீளும். எனவே 40 ஆம்பியர்-மணி குறைந்தபட்சம். இரண்டாம் நாளுக்கும் குளிருக்கும் இடம்விட்டு 80 முதல் 100 வரை வாங்குவார்கள். ஓய்வில் இருக்கும்போது அளந்தால் 12.7 வோல்ட் முழு நிரப்பு, 12.2 வோல்ட் ஏறத்தாழ பாதி.

பேட்டரிக்குக் கவனித்துச் செலவழிப்பவர்கள் ஒயரில் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். 3 மீட்டர் தூரத்தில் பம்ப் இருந்தால் போக வர 6 மீட்டர் செம்பு. 7 ஆம்பியர் ஓடும்போது 0.75 சதுர மி.மீ. ஒயரில் ஏறத்தாழ 1 வோல்ட் தொலைந்துபோகும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் தொலைவது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது சில்லறையா? பியூஸைப் பம்பின் பக்கத்தில் வைக்காதீர்கள். பேட்டரியின் நேர்முனையை ஒட்டி வையுங்கள். உராய்ந்து தோல் உரிந்த ஒயர் வாகனத்தின் உடலைத் தொட்டால், அப்போதுதான் பியூஸ் எரிந்து உங்களைக் காப்பாற்றும்.

ஹோஸ் இணைப்புகள் அடிக்கடி பிடுங்கிக்கொள்கின்றன. என்ன செய்வது?

முதலில் என் கதை. தொழிலுக்கு வந்த புதிதில், மூன்றாம் மாடிக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷில் தண்ணீர் குறைந்தது. தொட்டி தீரப்போகிறது என்று நினைத்து, இந்த ஜன்னலை முடித்துவிட்டுப் போவோம் என்றிருந்தேன். வாகனத்துக்கு வந்தபோது பின்கதவின் இடுக்கிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ரீலின் வாயில் இருந்த கிளிப் நழுவி, சுத்திகரித்த தண்ணீர் உள்ளேயே கொட்டியிருந்தது. பேட்டரியின் அடிப்பகுதி தண்ணீரில் நின்றது. என் மதிய உணவுப் பை மிதந்தது. அந்தக் கிளிப்பை மாட்டியது நான்தான், கையால் திருகியது போதும் என்று விட்டதும் நான்தான்.

அன்றிலிருந்து செய்வது இது. ஹோஸின் நுனியைக் கத்தியால் செங்குத்தாக வெட்ட வேண்டும், கத்தரிக்கோல் நசுக்கிவிடும். நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்தால் இளகும். இணைப்பானின் பற்கள் உள்ள முனையில் கடைசிப் பல்லையும் தாண்டி ஹோஸை உள்ளே தள்ள வேண்டும். கிளிப் முதல் பல்லுக்குப் பின்னால் உட்கார வேண்டும், நுனியின் விளிம்பில் அன்று. பிறகு பம்பை ஓட்டி, வால்வை மூடி, முழு அழுத்தத்தில் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திருகும் கிளிப்பை ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்குங்கள். ஹோஸ் அதற்குள் சற்று இறங்கிக் கொடுத்திருக்கும். அழுத்திச் சுருக்கும் வளையக் கிளிப் இன்னும் நல்லது. அதில் துருத்திக்கொண்டிருக்கும் வால் இல்லாததால் எங்கும் மாட்டிக்கொள்ளாது.

கழற்றி மாட்டும் இணைப்புகளில் பிளாஸ்டிக் தோட்ட வகை மலிவு. ஆனால் தரையில் இழுபடும்போது அதன் கழுத்து படிக்கல்லிலும் சக்கரத்திலும் மாட்டித் தானாகக் கழன்றுகொள்ளும். இழுபடும் இடத்தில் சிறிய உலோக இணைப்பு, வாகனத்துக்குள் எதுவானாலும் சரி என்பது என் வழக்கம். கனிமம் நீக்கிய தண்ணீர் பித்தளையை மெல்ல அரிக்கும் என்பதால், ரப்பர் வளையத்தோடு உலோகத்தையும் அவ்வப்போது திருப்பிப் பாருங்கள்.

ஹோஸைச் சிக்கில்லாமல் விரிப்பதும் சுற்றுவதும் எப்படி?

எந்த வழியாக நடந்து முடிப்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தேவைப்படும் தூரம் முழுவதையும் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, வாகனத்தை நோக்கித் திரும்பி வேலை செய்துகொண்டே வாருங்கள். இழுத்துக்கொண்டே போவதைவிடச் சுற்றிக்கொண்டே வருவது எளிது. கட்டட மூலைகளில் ஹோஸ் உரசும் இடத்தில் ஒரு கூம்பையோ கனமான கட்டையையோ வையுங்கள். நிறுத்தியிருக்கும் வாகனங்களின் சக்கரத்தடியில் ஹோஸ் ஆப்பாகச் செருகிக்கொள்வது அன்றாடம் நடப்பது. பலம் கொண்டு இழுத்தால் இன்னும் இறுகும். நடந்து போய்த்தான் எடுக்க வேண்டும்.

ஆட்கள் நடக்கும் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டுமென்றால் பளிச்சென்ற நிறத்தில் ஹோஸ் வாங்குங்கள், சுவரோரமாக விடுங்கள், எச்சரிக்கைப் பலகை வையுங்கள். தடுக்கி விழுபவர் உங்கள் ஹோஸ் எத்தனை மி.மீ. என்று கேட்கப்போவதில்லை.

சுற்றும்போது பம்பை நிறுத்தி, அழுத்தத்தை வெளியே விட்டபின் சுற்றுங்கள். உப்பிய நிலையில் இறுக்கிச் சுற்றிய ஹோஸ், சுருங்கியபின் ரீலில் தொளதொளவென்று கிடந்து, மறுநாள் ஒன்றன்மேல் ஒன்று புதைந்து சிக்கும்.

ஒரே பம்பில் இரண்டு பேர் வேலை செய்யலாமா?

செய்யலாம், சண்டையும் போடலாம். ஒருவர் வால்வை மூடினால் மற்றவருக்குப் பீய்ச்சும், திறந்தால் சொட்டும். தொட்டி ஒன்றே போதும்; பம்பும் ஹோஸும் ஆளுக்கொன்றாக இருக்கட்டும்.

ஆர்.ஓ. வடிகட்டிக்கும் இதே பம்பைப் பயன்படுத்தலாமா?

அது வேறு வேலை. ஆர்.ஓ. சவ்வின் வழியே தண்ணீரைப் பிழிந்தெடுக்க மணிக்கணக்கில் நிலையான அழுத்தம் வேண்டும். குழாய்த் தண்ணீரின் அழுத்தம் போதாத இடத்தில் அதற்கென்றே தொடர்ந்து ஓடும் பம்பைப் பொருத்துவார்கள். கம்பத்துக்குத் தண்ணீர் தரும் சிறு பம்பை அதில் மாட்டினால் சூட்டிலேயே ஆயுள் போய்விடும்.

அமைப்பு எப்படியிருந்தாலும் பிரஷுக்குப் போகும் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு 10 பி.பி.எம்.மைத் (பத்து லட்சத்தில் 10 பங்கைத்) தாண்டாமல் பாருங்கள், பூஜ்யமே இலக்கு. துடைக்காமல் காயவிடும் வேலை இது. தண்ணீரில் எது கரைந்திருக்கிறதோ அதுதான் கண்ணாடியில் புள்ளியாக நிற்கும்.

வெயிலிலும் பனியிலும் என்ன கவனிக்க வேண்டும்?

வெயிலில் பி.வி.சி. ஹோஸ் இளகும். அழுத்தத்தோடு வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பும்போது எங்காவது முட்டைபோல் உப்பியிருக்கலாம். ஒளி ஊடுருவும் ஹோஸிலும் தொட்டியிலும் பாசி பிடிக்கும். அது ஜெட்டை அடைக்கும். இன்னொன்று இதைவிட முக்கியம். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தேங்கிய தண்ணீரில் லெஜியனெல்லா என்னும் கிருமி பெருகக்கூடும். நுண்துளியாக மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். சுத்திகரித்த தண்ணீரில் அதைத் தடுக்கக் குளோரினும் இருக்காது. சில நாள் வேலை இல்லையென்றால் தொட்டியையும் ஹோஸையும் காலி செய்யுங்கள்.

உறைபனி விழும் இடங்களில், தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும் என்பதை மறக்க வேண்டாம். முதலில் உடைவது பம்பின் தலையும் வடிகட்டியின் மூடியும். இரவில் பம்பைச் சில நொடி வெறுமனே ஓட்டி உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்கலாம்?

வாகனம் எவ்வளவு சுமக்கலாம் என்று அதன் ஆவணத்தில் எழுதியிருக்கும். ஆயிரம் லிட்டர் ஆயிரம் கிலோ; ஆள், பேட்டரி, ரீல், கம்பங்கள் எல்லாம் அதற்கு மேல். பாதி நிறைந்த தொட்டி நிறைந்த தொட்டியைவிட மோசமாக அலையடிக்கும். உள்ளே தடுப்புச் சுவர்கள் வேண்டும். தொட்டியை வாகனத்தின் சட்டத்தோடு பிணைத்துப் போல்ட் போட வேண்டும். கயிறும் பட்டையும் ஒரு டன்னை நிறுத்தாது.

மின்கம்பிகளுக்கு அருகே வேலை வந்தால்?

கார்பன் ஃபைபர் கம்பம் மின்சாரம் கடத்தும். சுத்தத் தண்ணீர் கடத்தாது என்ற பேச்சை நம்பாதீர்கள். பிரஷில் பட்டு அழுக்கானதும் அது சுத்தத் தண்ணீர் அன்று. உங்கள் பகுதி மின்வினியோக அமைப்பு சொல்லும் இடைவெளியைக் கம்பத்தின் முழு நீளத்தையும் கணக்கில் எடுத்து விடுங்கள். சந்தேகம் வந்தால் அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள்.

வாகனத்தில் என்னென்ன உதிரி வைத்திருக்க வேண்டும்?

இரண்டு ஹோஸ் இணைப்பான்கள், ஐந்தாறு கிளிப், ரப்பர் வளையங்கள், பியூஸ், ஜெட் குத்த ஒரு மெல்லிய கம்பி, கூரான கத்தி, ஒரு சாண் கண்ணாடி ஹோஸ், அந்த ஒரு லிட்டர் குவளை. கூடுதலாக ஒரு பம்பும் வைத்திருக்கிறேன். நான்கு ஆண்டாகப் பெட்டியைப் பிரிக்கவில்லை.